நீலாயதாட்சி வீட்டுக் கூடத்தில் ஒழுகிய எஞ்சின்

பட்டினச்சேரி இளையபெருமாளின் விசைப்படகு எஞ்சினிலிருந்து கசிந்த எண்ணெய் படகுக்குள் சொட்டவில்லை. காரைக்கால் கோயில்பத்துப் பக்கத்தில், கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நீலாயதாட்சியின் வீட்டுக் கூடத்தில் சொட்டியது. இப்படி நான்கு வருடம் நடந்தது. அந்த நான்கு வருடமும் படகுக்காரருக்குத் தன் எண்ணெய் எங்கே போகிறது என்று தெரியாது, வீட்டுக்காரம்மாவுக்குத் தன் வீட்டுக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தூக்கத்தைத் தொலைத்தவர் மெக்கானிக் இஞ்ஞாசி.

இஞ்ஞாசிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. துறைமுகச் சாலையில் தகரக் கொட்டகை போட்டு, படகு எஞ்சின் வேலை மட்டும் பார்த்தார். கரையில் நின்றபடியே, உள்ளே வரும் படகின் சத்தத்தைக் கேட்டு எத்தனையாவது சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று பேச்சு. இதை அவர் தானாகச் சொல்லிக்கொண்டதில்லை. பிறர் சொல்லும்போது குறுக்கே பேசியதும் இல்லை. எண்ணெய் ஒழுகல் என்றால் இன்னும் விசேஷம். மற்ற மெக்கானிக்குகள் இரண்டு நாள் தேடுவதை அவர் ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரத்தில் கண்டுபிடிப்பார். அவர் கண்டுபிடிக்காத ஒழுகல் ஒன்றே ஒன்றுதான், அது அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் என்று மனைவி இருதயமேரி சொல்லிவந்தார்.

இளையபெருமாள் 2018-இல் நாகப்பட்டினத்துப் பழைய சாமான் கடை ஒன்றிலிருந்து அந்த எஞ்சினை வாங்கிவந்தார். முப்பது வருடத்துக்கு முந்தைய ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். எடுப்பும் இழுப்பும் புதுசையே தோற்கடிக்கும். ஒரே குறை, ஓடுகிற ஒவ்வொரு நாளும் இரண்டு லிட்டர் எண்ணெயைக் காணவில்லை. தொழில் தெரிந்தவர்களுக்கு இதில் குழப்பம் ஒன்றும் கிடையாது. எஞ்சினுக்குள் ஊற்றிய எண்ணெய் காணாமல் போக மூன்றே வழிதான் உண்டு: எரிந்து போகலாம், குளிரவைக்கும் தண்ணீரில் கலந்து போகலாம், வெளியே ஒழுகிப் போகலாம். எரிந்தால் புகை நீலமாக வரும், வரவில்லை. தண்ணீரில் கலந்தால் மோர் மாதிரி திரியும், திரியவில்லை. ஒழுகினால் எஞ்சின் அறையின் தரையில் தெரியும். அந்தத் தரையோ இலை போட்டுச் சாப்பிடலாம் போலக் கிடந்தது. ஒருநாள் தொழிலாளிகள் நிஜமாகவே அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டினார்கள்.

முதல் வருடம் இஞ்ஞாசி எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் பேக்கிங்கை மாற்றினார். இரண்டாம் வருடம் எஞ்சினின் பின்பக்கத்தில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை மூன்று முறை மாற்றினார், மூன்றாவது முறை மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மாற்றினார். 2020 தை மாதத்தில், கோடியக்கரைக்குக் கிழக்கே, எண்ணெய் வற்றி எஞ்சின் நின்றுபோய், இளையபெருமாளும் ஆறு தொழிலாளிகளும் இரண்டு நாள் கடல் போன போக்கில் போனார்கள். வேறொரு படகு பார்த்துக் கயிறு கட்டி இழுத்துவந்தது. அதற்குப் பிறகு ஐஸ் ஏற்றும்போதே நாற்பது லிட்டர் எண்ணெயையும் கேனில் ஏற்றிக்கொண்டுதான் படகு கிளம்பியது. இளையபெருமாள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இஞ்ஞாசியை அறுத்தது. துறைமுகத்தில் மற்றவர்கள் அந்த அளவுக்குத் தயவு காட்டவில்லை. எண்ணெயை இஞ்ஞாசியே குடித்துவிடுகிறார், அதனால்தான் தலைமுடி இன்னும் கருப்பாக இருக்கிறது என்றார்கள். பொது முடக்கத்தில் படகுகள் கரையில் கிடந்தபோது ஊரே கவலைப்பட்டது. இஞ்ஞாசி மட்டும் நன்றாகத் தூங்கினார்.

"ஒழுகாத எஞ்சினுல ஒழுகல் தேடுறீங்க. ஒழுகுற கொழாய் வூட்டுலயே இருக்கு. கையில ஸ்பானரும் இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல," என்றார் இருதயமேரி. மாதத்துக்கு ஒரு முறை ஒன்றும் சொல்லாமல் இதைச் சொன்னார்.

கடைசி முயற்சியாக 2021-இல் சென்னையிலிருந்து ஒரு சாயப் புட்டி வரவழைத்தார். எண்ணெயில் கலந்துவிட்டால், அதற்கென்று இருக்கும் நீல டார்ச்சை அடிக்கும்போது, கசிகிற இடம் பச்சையாக மின்னும். கலந்தார். எஞ்சினை ஓடவிட்டு, அறையை இருட்டாக்கி, தலையிலிருந்து அடிவரை டார்ச் அடித்தார். எதுவும் மின்னவில்லை. ஒரு சிமிட்டல்கூட இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஊற்றிய எண்ணெயிலெல்லாம் விடாமல் சாயம் கலந்துவந்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய், யாரும் கேட்காமலே சமையலறைக் குழாயைச் சரிசெய்தார். இருதயமேரி பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போகலாமா என்று யோசித்தார்.

அடுத்த வருடம் ஜூன் பதினெட்டாம் தேதி, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் போன நான்காம் நாள், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி துறைமுகத்துக்கு வந்தார். கைத்தறிப் புடவை, மூக்குக் கண்ணாடி, கையில் மூடி இறுக்கிய ஒரு தண்ணீர் பாட்டில். பாட்டிலில் பாதிக்குக் கறுப்பு எண்ணெய். கிழிந்த வலையைக் கொத்திச் சீராக்கிக்கொண்டிருந்தவர்களிடம் போய், "இங்க யாரு படகுலங்க ஆயில் கொறையுது?" என்று கேட்டார். அவர்கள் சிரித்துவிட்டு, ஒரே நேரத்தில் எல்லாரும் தகரக் கொட்டகையைக் கை காட்டினார்கள்.

நீலாயதாட்சி ஸ்டூலில் உட்கார்ந்து, அலுவலகத்தில் கோப்பு எடுத்து வைப்பதுபோல நிதானமாகச் சொன்னார். அவரும் கணவர் சுவாமிநாதனும் திருநள்ளாற்றுப் பக்கம் விவசாயக் குடும்பம். 2015-இல் டவுனில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். மூன்று வருடம் கழித்து ஒரு நாள் கூடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காற்றில் ஒரு சொட்டு எண்ணெய் தோன்றிக் கீழே விழுந்தது. மேலிருந்து வரவில்லை, கூரை சுத்தமாக இருந்தது. கொத்தனார் வந்து பார்த்து, ஈரம் ஊறும் ஓதம் என்றார். பிளம்பர் இது தன் பிரிவில் வராது என்றார். சுவாமிநாதன் கண்ணால் பார்த்தும் நம்பவில்லை, ஆனால் வழுக்கி விழுந்ததால் ஒத்துக்கொண்டார். அதன் பிறகு அந்த இடத்தில் ஒரு பக்கெட் வைத்தார்கள். ஐந்தாறு நாள் இடைவிடாமல் சொட்டும், இரண்டு மூன்று நாள் நிற்கும், மறுபடி தொடங்கும். சேர்ந்த எண்ணெயை வீணாக்க மனமில்லாமல் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். அவர்கள் தெருவில் இப்போது கிறீச்சிடுகிற கதவு என்று ஒன்றுகூட இல்லை.

"நான் தேதி குறிச்சு வச்சேங்க. வருசா வருசம் ஏப்ரல் பதினாலோட நின்னுருது. ஜூன் பதினஞ்சுல ஆரம்பிச்சுருது. கொரோனாவுல சுத்தமா இல்ல. ரெண்டு மாசம் கரெக்ட்டா லீவு எடுக்குறது இந்த ஊருல ஸ்கூல விட்டா மீன்புடிதான். ஸ்கூல்ல ஆயில் கெடையாது. அதான் இங்க வந்தேன்."

இஞ்ஞாசி பாட்டிலைத் திறந்து, விரலில் தொட்டு, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். பிறகு கொட்டகையின் கதவைச் சாத்திவிட்டு, அலமாரியிலிருந்து நீல டார்ச்சை எடுத்து அடித்தார். பாட்டில் கிளிப்பச்சையாக மின்னியது. நான்கு வருடமாக அவர் தேடிய எண்ணெய் ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. இஞ்ஞாசிக்குக் கண் கலங்கிவிட்டது. டார்ச் வெளிச்சம் கூசுகிறது என்றார்.

மறுநாள் கரைக்கு வந்த படகைத் துறையில் கட்டிப்போட்டு, இளையபெருமாளை எஞ்சின் அருகே நிறுத்திவிட்டு, இஞ்ஞாசி கோயில்பத்துக்குப் போனார். கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டார். எஞ்சினைப் போடச் சொன்னார். சற்று நேரத்தில் காற்றில் ஒரு கறுப்புப் பொட்டு தோன்றி, கனத்து, பக்கெட்டில் விழுந்தது.

"ஏத்து."

சொட்டு வேகமாக விழுந்தது.

"எறக்கு."

மெதுவாக விழுந்தது.

"நிப்பாட்டு."

நின்றது.

"என்ன மேஸ்திரி, எதாவது தெரியுதா?" என்று போனில் கத்தினார் இளையபெருமாள்.

"தெரியுது. உன் எஞ்சின் நல்ல வூடா பாத்துதான் ஒழுவுது," என்றார் இஞ்ஞாசி.

அவர் ஏன் எப்படி என்று கேட்கவில்லை. மெக்கானிக்குக்கு அந்தக் கேள்விகள் கிடையாது, எங்கே என்பது ஒன்றுதான். ஆனாலும் அந்த எங்கே இன்னும் பாக்கியிருந்தது. எண்ணெய் விழுகிற இடம் கிடைத்துவிட்டது, எஞ்சினில் அது கசிகிற இடம் கிடைக்கவில்லை. அதற்கு, எஞ்சின் இந்தக் கூடத்தில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தெரிய வேண்டும். எஞ்சினின் இரும்பு உடம்பான பிளாக்கில் பொறித்திருந்த நம்பரை வைத்து விசாரித்தார். அது முதலில் ஒரு தனியார் பஸ்ஸில் இருந்தது. காரைக்காலுக்கும் கும்பகோணத்துக்கும் இருபது வருடம் ஓடிய பஸ். அதன் முதலாளி காலமாகி, ஷெட்டை மனை போட்டு விற்றுவிட்டார்கள். டிரைவர் சேக் பரீது உயிரோடு, நல்ல பசியோடு, காரைக்காலிலேயே இருந்தார்.

சேக் பரீது பாய் கூடத்துக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு பக்கமும் பார்த்தார். சமையலறை வாசலிலிருந்து அடி எண்ணி நடந்துவந்து, சோபாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இதாங்க ஷெட்டு. இந்தா, சாமி மாடத்துக்கு நேரா பஸ்ஸு மூஞ்சி. நான் ஏறி உக்காருற எடத்துல நீங்க டிவி வச்சிருக்கீங்க." குனிந்து தரையைத் தடவிவிட்டு, "ராத்திரி நிப்பாட்டுனா காலையில அடியில ஆயில் கெடக்கும்ங்க. அப்பவே ஒழுகல் உண்டு. இருவது வருசம் இங்கதான் ஒழுவுச்சு. பழகுன எடமில்லயா," என்றார்.

"தரையிலேருந்து ஒரு சாண்தானே இருக்கு? பஸ் எஞ்சின் இன்னும் ஒசரமா இருக்குமே பாய்?" என்று கேட்டார் இஞ்ஞாசி.

"இவங்க வூட்டுக்குத் தரைய ரெண்டடி ஒசத்திட்டாங்கள்ல. எஞ்சினுக்கு அது தெரியுமா?"

அது நியாயமாக இருந்தது. இஞ்ஞாசி சாக்கட்டியால் தரையில் எஞ்சின் அளவுக்கு ஒரு பெட்டி வரைந்தார், முன்பக்கம் சாமி மாடத்தைப் பார்த்தபடி. சொட்டு விழுகிற இடம் பெட்டியின் பின் விளிம்பில் வந்தது. பின்பக்க ஆயில் சீல் இருக்கிற இடம். மூன்று முறை மாற்றியாகிவிட்ட அதே சீல். அவர் வரைந்த பெட்டியின் முன் குந்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நீலாயதாட்சி சமையலறைக்குப் போக அந்தப் பெட்டிக்குள் நடந்து போய் நடந்து வந்தார். நான்கு வருடமாகப் புடவை முந்தானையில் கறை படிந்துகொண்டே இருந்தது ஏன் என்று அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் எஞ்சினுக்கு ஊடாகப் போய்வந்துகொண்டிருந்தார்.

தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. எண்ணெய் சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. எங்கோ மேலே கசிந்து, உடம்பெல்லாம் வழிந்து, கடைசி முனைக்கு வந்துதான் சொட்டும். சொட்டுகிற இடத்தை நோண்டுகிறவன் கற்றுக்குட்டி. வழிந்த தடத்தைப் பிடிக்க, எஞ்சினைத் துடைத்து அதன்மேல் முகப் பவுடரைத் தூவுவார்கள். பவுடரில் எண்ணெய் வழிந்த கோடு தெரியும். இந்தப் பாடத்தை இஞ்ஞாசி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். துடைக்க இங்கே எஞ்சின் இல்லை. ஆனால் பவுடர் இருந்தது.

"அம்மா, வூட்டுல பவுடர் டப்பா இருக்குங்களா? பெருசா?"

மின்விசிறியை நிறுத்தினார்கள். போனில் எஞ்சினை ஓடவிடச் சொன்னார்கள். இஞ்ஞாசி பவுடரை உள்ளங்கையில் கொட்டி, கோலமாவு தூவுவதுபோல அல்லாமல், ஆசீர்வாதத் தண்ணீர் தெளிப்பதுபோல வீசினார். பெரும்பகுதி தரையில் விழுந்தது. மீதி விழவில்லை. காற்றில், இடுப்பு உயரத்தில், வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னும் வீசினார். எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவர் தெரிந்தது. அதன் கீழே பிளாக், பக்கவாட்டில் பில்டர், அடியில் சம்ப்பின் வயிறு. கால் மணி நேரத்தில் கூடத்தின் நடுவே, சாமி மாடத்தைப் பார்த்தபடி, ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று வெள்ளை வெளேரென்று, கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல நின்றது. சத்தமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. இஞ்ஞாசி கையை நீட்டினார். எதுவும் தட்டுப்படவில்லை, விரல் நுனியில் பவுடரும் எண்ணெயும் ஒட்டியது மட்டும்தான்.

சேக் பரீது பாய் எழுந்து நின்றுவிட்டார். நீலாயதாட்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

எஞ்சினின் பின்புறம், பிளாக்கின் உச்சியில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வட்டம். அதன் கீழ் விளிம்பிலிருந்து ஒரு கறுப்புக் கோடு புறப்பட்டு, நூல் பிடித்ததுபோல இறங்கி, ஆயில் சீலின் வாசல்வரை வந்து, அங்கிருந்து சொட்டியது. பிளாக்குக்குள் எண்ணெய் போகிற துளையின் வாயை அடைக்கும் சின்ன மூடி அது. பட்டறையில் அதற்கு டம்மி என்று பெயர். படகில் அந்த இடத்தை ஒரு இரும்புத் தாங்கி மறைத்திருந்தது. நான்கு வருடம் இஞ்ஞாசியைத் தலைகுனிய வைத்தது ஒரு டம்மி. அவர் சிரிக்கத் தொடங்கினார், நிறுத்த முடியவில்லை. பிறகு போனை எடுத்து, "எளையபெருமா, புடிச்சிட்டேன்டா," என்றார்.

உடனே கழற்ற முடியவில்லை. தாங்கியை எடுக்க எஞ்சினையே தூக்க வேண்டும், இரண்டு நாள் வேலை. அடுத்தடுத்து மீன்பாடு நன்றாக இருந்ததால், இந்த ஒரு முறை போய்வந்துவிடுகிறோம் என்று இளையபெருமாள் சொல்லிச் சொல்லியே ஐப்பசி வந்துவிட்டது. கேனில் எண்ணெய் இருக்கிறது, காரணமும் தெரிந்துவிட்டது, இனி என்ன பயம் என்று எல்லாருமே நினைத்தார்கள். இதற்குள் இளையபெருமாளின் மனைவி அஞ்சுகம் தங்கள் எண்ணெய் போய்ச்சேரும் வீட்டைப் பார்க்க வந்து, நீலாயதாட்சியோடு பழகிவிட்டார். "அக்கா" "தங்கச்சி" என்று ஆகிவிட்டது. கணவன் கடலில் இருக்கும் நாட்களில் பஸ் ஏறி வந்து, பக்கெட்டைப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார். எண்ணெய் விழுவதைப் பார்த்தால் சோறு இறங்குகிறது என்றார்.

ஐப்பசி இருபதாம் தேதி வாக்கில் தெற்கே காற்றழுத்தம் உருவானது. கரையிலிருந்து எச்சரிக்கை போய்ச்சேர்வதற்குள் இளையபெருமாளின் படகு வெகுதூரத்தில் இருந்தது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. இது வரவில்லை. ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை. காலை ஏழு மணிக்கு அஞ்சுகமும், படகில் போனவர்கள் வீட்டுப் பெண்கள் மூவரும் மழையில் நனைந்தபடி நீலாயதாட்சி வீட்டுக்கு வந்தார்கள். நீலாயதாட்சி லீவு சொல்லிவிட்டு எல்லாருக்கும் துண்டு கொடுத்தார். இஞ்ஞாசியும் வந்துசேர்ந்தார். இந்தப் பயணத்தைத் தடுக்காமல் விட்டது தன் தப்பு என்று அவர் நினைத்தார். சொட்டு விழுந்துகொண்டிருந்தது, வேகமாக. காற்றை எதிர்த்து வருகிறார்கள் என்றார். பெண்கள் பக்கெட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பத்து மணி பத்து நிமிடத்துக்குச் சொட்டு நின்றது.

வெளியே மழைச் சத்தம். அஞ்சுகம் இஞ்ஞாசியைப் பார்த்தார்.

"அண்ணே. ஏன் நின்னுச்சு?"

இஞ்ஞாசிக்கு இரண்டு பதில் தெரியும். எஞ்சினை அவர்களே நிறுத்தியிருக்கலாம். அல்லது எண்ணெய் வற்றி எஞ்சின் இறுகியிருக்கலாம். அல்லது மூன்றாவது ஒன்று, அதை அவர் நினைக்க விரும்பவில்லை.

"நிப்பாட்டியிருப்பான் தங்கச்சி."

"இந்தக் காத்துல யாருண்ணே எஞ்சின நிப்பாட்டுவா?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல, ஆனால் எஞ்சின் விஷயத்தில் வராது. நீலாயதாட்சி சமையலறைக்குப் போய் ஒரு பெரிய பாத்திரத்தில் சோறு வடித்தார். யாரும் தொடவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண் அழத் தொடங்கினாள், அஞ்சுகம் அதட்டினார். இஞ்ஞாசி தரையில் மண்டியிட்டு, காற்றில் அந்தச் சொட்டு தோன்றும் இடத்துக்கு முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பத்தைந்து வருடமாக எத்தனையோ ஒழுகல்களை நிறுத்தியவர். ஒழுகச் சொல்லி மாதாவிடம் மன்றாடியது அன்றைக்குத்தான்.

மூன்றே முக்காலுக்குக் காற்றில் ஒரு பொட்டு கறுத்தது. அஞ்சுகம் பக்கெட்டைத் தள்ளிவிட்டு உள்ளங்கையை நீட்டினார். சொட்டு கையில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. சூடாக இருக்கிறது என்றார். எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். நிஜமாகவே வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு ஐந்து பெண்களும் ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்கள்.

மறுநாள் பிற்பகல் படகு அரசலாற்று முகத்துவாரத்துக்குள் வந்தது. அறுந்து மிதந்த வலையொன்று புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டதாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஆள் மாற்றி ஆள் குதித்து ஐந்தரை மணி நேரம் அறுத்திருக்கிறார்கள். ஒயர்லெஸ் கம்பி முன்பே ஒடிந்துவிட்டது. இளையபெருமாள் இறங்கிய கையோடு, "மேஸ்திரி, இன்னக்கே எஞ்சினத் தூக்கு. அந்த டம்மிய அடை," என்றார்.

"அடைக்கக் கூடாது," என்றார் அஞ்சுகம்.

துறையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"என்னாது?"

"அடைக்கக் கூடாதுங்க. நேத்து மூணே முக்கா வரைக்கும் நான் செத்துட்டேன். அந்த ஒரு சொட்டு விழலன்னா இன்னக்கி உங்களப் பாக்க நான் இருக்க மாட்டேன்."

"என் எஞ்சினு, என் ஆயிலு. வத்துனா நடுக்கடல்ல நான்தானடி நிக்கணும்?"

"ஆயில் உங்களுது. அதையே பாத்துக்கிட்டுக் கெடக்குற கண்ணு எங்களுது."

மற்ற மூன்று பெண்களும் அஞ்சுகத்தின் பின்னால் வந்து நின்றார்கள். இளையபெருமாள் ஆதரவு தேடி இஞ்ஞாசியைப் பார்த்தார். இஞ்ஞாசி கடலைப் பார்த்தார். நான்கு வருடம் தேடிப் பிடித்த ஒழுகலை விட்டுவிடு என்கிறார்கள். கசிகிற எஞ்சினைக் கையைவிட்டு அனுப்புவது அவர் தொழிலில் பாவம். ஆனால் நேற்று மண்டியிட்டதும் அவர்தான். கடைசியில், கூடம் யாருடையதோ அவர்தான் சொல்ல வேண்டும் என்று, ஈர உடையோடு எல்லாருமாகக் கோயில்பத்துக்குப் போனார்கள். நீலாயதாட்சி இரண்டு தரப்பையும் கேட்டார். பக்கெட்டைக் காலால் சற்று நகர்த்தினார்.

"பக்கெட்டுன்னா என்னால முடியாதுங்க. டம்ளர்னா பரவால்ல," என்றார்.

ஒரு ஒழுகலை நிறுத்துவது வேலை. ஒரு ஒழுகலை நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்று கட்டுப்படுத்திக் கசியவிடுவது என்ன என்பதை இஞ்ஞாசி அதற்குப் பிறகு பதினோரு நாள் கற்றுக்கொண்டார். எஞ்சினைத் தூக்கி, டம்மியைக் கழற்றி, செம்பு வாஷரைத் தேய்த்துத் தேய்த்துப் போட்டுப் பார்த்தார். ஒன்றில் ஒழுகவே இல்லை. ஒன்றில் பழையபடி கொட்டியது. கூடத்தில் இருதயமேரி கடிகாரத்தோடு உட்கார்ந்து, "நாப்பது செகண்டுங்க," "ஒண்ணேகால் நிமிசம்ங்க," என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். திருமணமான இத்தனை வருடத்தில் கணவரின் வேலைக்குக் கூட நின்றது அதுதான் முதல் முறை, அவருக்குப் பிடித்திருந்தது. ஒன்பதாவது வாஷரில் சரியாக அறுபது விநாடிக்கு ஒன்று விழுந்தது. ஒரு நாளைக்கு அரை டம்ளர். அதனால் எந்த எஞ்சினும் வற்றிப்போகாது. இஞ்ஞாசி வாழ்நாளில் செய்த மிக நுணுக்கமான வேலை அது. யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாத வேலையும் அதுதான்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில், சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, "தெரிஞ்சே ஒரு ஒழுகல விட்டுட்டேன் சாமி," என்றார். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து பங்குச்சாமியார் கேட்டார்:

"எவ்வளவு?"

"நிமிசத்துக்கு ஒரு சொட்டு சாமி."

மூன்று முறை அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார் சாமியார். அடுத்த வாரம் அவரே நீலாயதாட்சி வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சொட்டுகளை எண்ணிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. கிளிஞ்சல்மேட்டிலிருந்து நான்கைந்து படகுக்காரர்களின் மனைவிமார் வந்து, தங்கள் எஞ்சினையும் இப்படி எங்காவது ஒழுகவைக்க முடியுமா என்று கேட்டார்கள். எஞ்சினுக்குப் பழகின இடம் ஒன்று வேண்டும், புது எஞ்சினுக்கு அது தெரியாது என்று இஞ்ஞாசி திருப்பி அனுப்பினார். எஞ்சின் போன வருடம் ஒரு முறை பிஸ்டன் ரிங் மாற்றிக்கொண்டது. சுவாமிநாதன் பேப்பர் படிக்கும்போது அனிச்சையாகக் காலைத் தூக்கிக்கொள்ளப் பழகிவிட்டார்.

இந்த வருடம் ஆவணியில் நீலாயதாட்சியின் மகள் கீர்த்திகாவைப் பெண் பார்க்க மன்னார்குடியிலிருந்து வந்தார்கள். முந்தின நாள் நீலாயதாட்சி இஞ்ஞாசிக்குப் போன் செய்து, நாளை ஒரு நாள் மட்டும் நிறுத்தி வைக்க முடியாதா என்று கேட்டார். படகு கடலில் இருக்கிறது, கடலுக்கு லீவு கிடையாது என்று சொன்னார் இஞ்ஞாசி. ஆனாலும் மனசு கேட்காமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இருதயமேரியையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். குடும்ப நண்பர் என்று அறிமுகப்படுத்தினார்கள். டம்ளருக்கு முன்னால் ஒரு பூந்தொட்டியை வைத்து மறைத்து, சோபாவின் அந்தப் பக்கம் தானே உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளையின் அம்மா அந்த இடத்தில்தான் காற்று நன்றாக வருகிறது என்று சொல்லி அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார்.

காப்பி வந்தது. கீர்த்திகா வந்து வணங்கினாள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்திய ஒரு நொடியில் சொட்டு விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா பூந்தொட்டியை நகர்த்திப் பார்த்தார். ஒரு சாண் உயரத்தில் காற்றில் அடுத்த பொட்டு கறுத்துத் திரண்டது. நீலாயதாட்சி இஞ்ஞாசியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் இஞ்ஞாசிதான் சொன்னார், ஒரு படகு, ஒரு எஞ்சின், அதன் எண்ணெய், எஞ்சின் வேகமெடுத்தால் சொட்டும் வேகமெடுக்கும், இவ்வளவுதான், நான்கே வாக்கியத்தில். அந்தம்மா காப்பியைக் கையில் வைத்தபடி முழுவதும் கேட்டார். டம்ளரில் விழுந்தது. சற்று நேரத்தில் மறுபடி விழுந்தது. மறுபடியும். தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, கண்ணை டம்ளரிலிருந்து எடுக்காமல்,

"இப்ப வேகமா விழுதே," என்றார். "திரும்பி வர்றாங்க போலருக்கு."